நாக்கு மேஸ்திரியும் ஜிம்பாப்வே பொம்மையும்

திருத்தணி சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுச் சமையல் மேடையிலும் நான் சப்பாத்தி மாவை நேராக வைத்துத் தேய்க்க மாட்டேன். அந்தக் கல்லை நாக்கு மேஸ்திரி ஒரு தடவையாவது நக்கியிருப்பார்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒரு நாள் கல் வாங்கப் போய்ப் பார்க்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் கிரானைட் கிடங்குகள் வரிசையாக இருக்கின்றன. மற்ற மேஸ்திரிகள் பலகை மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி நிறம் பார்ப்பார்கள். இவர் குனிந்து, கண்ணை மூடி, பலகையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நாக்கை ஓட்டுவார். கிடங்குக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அருவருப்பினால் அல்ல, பயத்தினால். நாக்கு நின்ற இடத்தில் வெடிப்பு இருக்கும்.

"தண்ணி மேலாப்ல நின்னுகினு ஏமாத்தும் சார். நாக்கு ஏமாத்தாது. வெடிப்பு கீதுன்னா நூலு மாதிரி தட்டும்" என்பார். கொரோனா சமயத்தில் ஊரடங்கு நீங்கி எல்லாரும் வேலைக்குத் திரும்பிய பிறகும் இவர் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தார். முகக்கவசம் போட்டுக்கொண்டு எப்படிக் கல் பார்ப்பது என்பது அவருடைய நியாயமான கேள்வி.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. என் கைப்பேசியில்கூட 'நாக்கு' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் எதிரே உட்கார்ந்திருந்தபோது அவரே அதைப் பார்த்துவிட்டார். "மேஸ்திரின்னு சேத்துப் போடு சார், மரியாதையா இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நாக்கைவிட ஆபத்தானது அதிலிருந்து வரும் பேச்சு. மனுஷருக்குப் பொய் வராது. கல் விஷயத்தில் சுத்தமாக வராது. என் அலுவலக நண்பர் ஒருவர் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு போனேன், என் போதாத வேளை. நண்பர் வந்தவர்களிடமெல்லாம் கூடத்துத் தரையைக் காட்டி "இத்தாலி மார்பிள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லார் கையிலும் கேசரித் தட்டு. மேஸ்திரி கேசரியைக் கீழே வைத்தார், குந்தினார், குனிந்தார், எழுந்தார்.

"இத்தாலி இல்லீங்க. ராஜஸ்தான். அதுலயும் ரெண்டாம் தரம். ஆனா பரவால்ல, நல்லாத்தான் கீது" என்றார், எல்லார் காதிலும் விழும்படி. ஆறுதல் சொல்வதாக நினைப்பு. அந்த நண்பர் கான்ட்ராக்டரோடும் பேசுவதில்லை, என்னோடும் பேசுவதில்லை.

சொந்த வேலையிலும் அப்படித்தான். ஒரு வீட்டில் மேடை பதித்து முடித்து, வீட்டு அம்மாள் "ரொம்ப அழகா கீதுங்க மேஸ்திரி" என்று சொன்னதும், "மூலையில ஒரு நூலளவு ஏறிகினு கீது. நீ பாக்கல, நான் பாத்துட்டேன்" என்று சொல்லி, பதித்த மேடையைப் பெயர்த்துப் போட்டுவிட்டார். அந்தக் குடும்பம் நாலு நாள் மாடிப்படிக்கு அடியில் அடுப்பு வைத்துச் சமைத்தது. ஒரு கிருத்திகைக்கு அவரோடு மலை ஏறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படியையும் தட்டித் தட்டி, "இது பழசு, இது மாத்தினது, இது எவனோ தூங்கிகினே போட்டது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. முருகன் எங்கேயும் போக மாட்டார் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

இப்பேர்ப்பட்ட ஆளை நானே கூட்டிக்கொண்டு என் அக்கா வீட்டுக்குப் போக வேண்டிய நிலைமை மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது.

என் அக்கா புருஷனை நான் பாவா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் தெலுங்கும் தமிழும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவை. பாவா வீட்டுப் பின்கட்டில் ஆறு விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த வீடு என்பதால் ரகசியம் பேசுவதென்றாலும் அங்கே கத்தித்தான் பேச வேண்டும். அதனால் அந்தத் தெருவுக்குத் தெரியாத ரகசியம் எதுவும் அவர்களிடம் இல்லை.

அவர்களுக்கு ஒரே பெண், ரேவதி. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தது நான். சென்னைக்குப் போகிற மின்சார ரயிலில் பதினோரு வருஷமாக என் எதிர் சீட்டில் உட்கார்ந்து வருகிறவருடைய தங்கை மகன். பெயர் பிரகாஷ், ஊர் கனகம்மாசத்திரம். வேலை ஜிம்பாப்வேயில், ஒரு சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியன். பையன் அதிகம் பேச மாட்டான். கேட்ட கேள்விக்கு ஆங், இல்ல, சரிங்க என்ற மூன்று பதில்தான். அதை அடக்கம் என்று நான் அக்காவிடம் எடுத்துச் சொல்லியிருந்தேன்.

விடுமுறையில் வந்தான், நிச்சயம் முடிந்தது, மூன்று வாரத்தில் கல்யாணம் என்று ஆயிற்று. நிச்சயத்தன்று ரேவதிக்கென்று ஒரு பரிசு கொண்டுவந்து கொடுத்தான். ஒரு முழ உயரத்தில் ஒரு கல் பொம்மை. ஒரு பெண் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். தலை பெரிது, உடம்பு சின்னது. உடம்பெல்லாம் கறுப்புக் கண்ணாடிபோல் வழவழப்பு, தலைமுடி மட்டும் துருப்பிடித்த நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. "அங்க செஞ்சது" என்றான். அன்றைக்கு அவன் பேசியதில் அதுதான் நீளமான வாக்கியம்.

அக்கா அதை நேராகச் சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்து, நல்லெண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். "பொம்பள உருவமா கீது, சும்மா எப்டிடா வெக்கிறது?" என்றாள். வெள்ளிக்கிழமை ஒரு முழம் பூவும் வைத்தாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை பாவாவின் அண்ணன் வந்தார். ரேவதிக்குப் பெரியப்பா, அதனால் எங்கள் எல்லாருக்குமே அவர் பெரியப்பா. எதிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்காமல் அவருக்குக் காப்பி இறங்காது. அலமாரியைப் பார்த்தார், பக்கத்தில் போனார், காப்பியை வாங்கிக்கொண்டார்.

"இது ஆப்பிரிக்கா இல்லடா. மகாபலிபுரம். போன வருசம் டூர் பஸ்ல போனப்ப நானே பாத்தேன். ரோட்டோரமா வெச்சிக்கினு விக்கிறான். பிள்ளையாரு, யானை, பக்கத்துலயே இதே கறுப்புக் கல்லு பொம்ம."

தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார் என்பதால் தெருவும் கேட்டுக்கொண்டது.

ரேவதி பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஐந்தாறு இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ பெயர் செதுக்கியிருந்தது. பெரியப்பா சிரித்தார். "கேட்டா உன் பேரையே எழுதிக் குடுப்பான் அங்க."

அவ்வளவுதான். சந்தேகம் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் அது உட்கார இடம் கேட்பதில்லை. வீடியோ காலில் எப்போது பார்த்தாலும் பையன் பின்னால் வெள்ளைச் சுவர்தானே தெரிந்தது என்றாள் அக்கா. ஆப்பிரிக்காவில் மூன்று வருஷம் இருந்தவன் ஒரு சிங்கத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டானா என்றார் பாவா. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் எப்போதும் சோறு, சாம்பார் என்கிறானே, அங்கே ஏது சாம்பார் என்றார் பெரியப்பா. பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லலாம் என்றால், விசா புதுப்பிக்க அனுப்பியிருப்பதாக நிச்சயத்தன்றே அவன் அப்பா சொல்லியிருந்தார். அன்றைக்குச் சாதாரணமாகக் கேட்ட அந்தத் தகவல் இப்போது திருட்டு முழி முழித்தது. அவன் அப்பாவிடம் நேராகக் கேட்கவும் முடியாது. நிச்சயமான பிறகு உங்கள் பையன் நிஜமாகவே வெளிநாட்டில் இருந்தானா என்று கேட்டால் எந்தத் தகப்பன் கல்யாணத்தை நடத்துவான்?

பாவா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா என்னைப் பார்க்கும் போதெல்லாம் "நீதான கூட்டியாந்த" என்றாள். நான் ரேவதியைத் தனியாகக் கூப்பிட்டு, உன் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு அவரப் புடிச்சிருக்குது மாமா" என்றாள். "ஆனா இதுல பொய் சொல்லியிருந்தா எனக்கு வேணாம். பத்திரிகை அடிச்சாலும் வேணாம்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பாவாதான் சொன்னார், "உன் நாக்கு மேஸ்திரியக் கூப்டு மச்சான்."

"வேணாம் பாவா. அந்த ஆளு உள்ளத உள்ளபடி சொல்லிடுவாரு."

"அதுக்குதான்டா கூப்டச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி வந்தார். கல்லைத் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும் என்று தறிகளை நிறுத்தச் சொன்னார். பாவா ஆறையும் நிறுத்தினார். எத்தனையோ வருஷமாகப் பகலில் ஓயாத சத்தம் திடீரென்று ஓய்ந்ததும், யாருக்கு என்ன ஆச்சோ என்று தெருவே வாசலுக்கு ஓடிவந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் கையில் துண்டோடு, அழத் தயாராகவே வந்தாள். ஒன்றுமில்லை, பொம்மையைப் பார்க்கப் போகிறோம் என்று அவர்களைத் திருப்பி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மேஸ்திரி பொம்மையை எடுத்தார். இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கி எடை பார்த்தார். விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு நாக்கை நீட்டினார். சாமி அலமாரியிலிருந்து எடுத்த பொம்மையாயிற்றே என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

நாக்கு உள்ளே போனது. முகம் கோணியது.

"நல்லெண்ணெ, சந்தனம், குங்குமம். கல்லு ருசி எங்கமா? சீக்காய் போட்டுக் குளிப்பாட்டிக் கொண்டா."

அக்கா பொம்மையைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனாள். தலைக்குக் குளித்து, துடைத்து, வெயிலில் காய்ந்து பொம்மை திரும்பி வந்தது. மறுபடி நாக்கு. இந்தத் தடவை அவர் முகத்தில் ஒரு யோசனை வந்தது. நகத்தால் அடிப்பக்கத்தைக் கீறினார், கோடு விழவில்லை. பேனாக்கத்தியால் கீறினார், மெல்லிய கோடு விழுந்தது.

"மாக்கல்லுன்னா நகத்துக்கே கீறும். நம்ம கல்சட்டி கல்லு மாதிரி. கருங்கல்லுன்னா கத்திக்கும் கீறாது. இது ரெண்டுக்கும் நடுவுல. வெயில்ல புடிச்சா ஓரத்துல பச்ச ஓடுது பாருங்க. பாம்புத்தோலு மாதிரி ஒரு ஜாதிக் கல்லு."

"எந்த ஊரு கல்லு?" என்றார் பெரியப்பா.

"இந்த ஜாதிய நான் முன்னாடி நக்கினது சேலத்துல."

பெரியப்பா ஜிம்பாப்வேயையே ஜெயித்தவர்போல் எழுந்து நின்றார். "சேலம். கேட்டுக்கினீங்களா? சேலம்." அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ரேவதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருய்யா" என்றார் மேஸ்திரி. "கல்லு இன்னா ஜாதின்னு கேட்டீங்க, சொன்னேன். ஒரே ஜாதிக் கல்லு பத்து ஊருல இருக்கும். எந்த ஊரு கை செதுக்குச்சுன்னு நான் இன்னும் பாக்கல. கொஞ்சம் நூலு குடுங்க."

தறி வீட்டில் நூலுக்கா பஞ்சம்? பாவா ஒரு நூற்கண்டையே எடுத்து நீட்டினார். மேஸ்திரி ஒரு சாண் அறுத்து, பொம்மையின் நெற்றியிலிருந்து தாடைவரை அளந்து முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சை வைத்து உடம்பை அளந்தார். அப்போதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. வாலிப வயசில் இரண்டு வருஷம் அவர் மகாபலிபுரத்திலேயே ஒரு சிற்பப் பட்டறையில் கல் பிளந்து கொடுக்கும் வேலையில் இருந்திருக்கிறார். அங்கே உளியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அளவைத்தான் மண்டையில் ஏற்றுவார்களாம்.

"சாமி உசரம் ஒம்போது முகம், மனுசன்னா எட்டு முகம்னு கணக்கு. குள்ள பூதத்துக்கே நாலு முகம் உண்டு. இதுக்கு மடக்கின காலச் சேத்து அளந்தாலும் மூணுதான் வருது. நம்ம ஆளு கை இப்டிப் போகவே போகாது. தூக்கத்துல செதுக்கினாக்கூட அளவுலதான் போவும்."

"விக்கிறதுக்குன்னா எப்டி வேணாலும் செய்வான்யா" என்றார் பெரியப்பா.

"செய்வான், ஒத்துக்கறேன். ஆனா கண்ண உடுவானா? நம்ம ஆளு எத செஞ்சாலும் கடைசில கண்ணத் தொறந்துட்டுதான் உளிய வெப்பான். இதுக்குக் கண்ணே தொறக்கல, மூடிக்கினு கீது. அப்பறம் தலையப் பாரு. கல்லோட தோல உரிக்காம அப்டியே உட்டுட்டிருக்கான். எங்க பட்டறையில அந்த மாதிரி உட்டா மத்தியானம் சோறு கெடையாது."

பாவா மெதுவாகக் கேட்டார், "அப்ப ஆப்பிரிக்காதான்னு சொல்லுங்களேன் மேஸ்திரி."

"நம்ம கை இல்லன்னு சொல்றேன். ஆப்பிரிக்காவ நான் பாத்ததில்ல. பாக்காத ஊர நான் எப்டி சொல்றது?"

ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷர் பொம்மையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடு ஏற ஏற மேலே மங்கலாக ஏதோ கசிந்தது. அதை விரலில் தொட்டு மோந்தார்.

"மெழுகு" என்றார். "சார், மாப்ளைக்குப் போன் போடுங்க."

"ஐயோ மேஸ்திரி, அதெல்லாம் கேக்க முடியாது."

"நான் எதயும் கேக்க மாட்டேன். போடுங்க."

போட்டேன். ஒலிபெருக்கியில் வைக்கச் சொன்னார். தறி நின்றிருந்ததால் மாடத்தில் ஓடிய பல்லியின் சத்தம்கூடக் கேட்டது.

"தம்பி, நான் கல்லு மேஸ்திரி பேசறேன். உங்க மாமியாரு பொம்மைக்கு நல்லெண்ணெ தடவிட்டாங்க. இப்ப குளிப்பாட்டினதுல மேல போட்ட பூச்சும் போய்ட்டா மாதிரி கீது. இத எப்டி சரி பண்றது?"

கவனியுங்கள், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மறுமுனையில் பிரகாஷ் பதறினான். "ஐயய்யோ, எண்ணெ வெக்கக் கூடாதுங்க மேஸ்திரி, தூசி புடிச்சிக்கும். மெழுகுதான் போடணும். அதுவும் சும்மா தடவினா நிக்காதுங்க. அங்க ரோட்டோரமாத்தான் செதுக்குவாங்க. தண்ணி ஊத்தி ஊத்தி உப்புத்தாள்ல நாள் பூரா தேய்ப்பாங்க. அப்பறம் பொம்மைய சுத்தி விறகு அடுக்கி நெருப்பு வெப்பாங்க. கல்லு கையில தொட முடியாத அளவுக்குச் சூடாயிடும். அந்தச் சூட்டுல மெழுகத் தேச்சா உருகி உள்ள போயிடும். அப்பதான் அந்தக் கறுப்பு வரும்."

மூன்று பதில் மாப்பிள்ளை பேசிக்கொண்டே போனான். மேஸ்திரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தலையில தோல ஏன் தம்பி உட்டுட்டாங்க?"

"அதுதாங்க முடி. அந்தக் கல்லுக்கு வெளியில துரு கலர்ல ஒரு தோலு இருக்கும். அத உரிக்காம முடியா உட்டுருவாங்க. அங்க எல்லாரும் அப்டிதான் செய்றாங்க. நாலு ஞாயித்துக்கிழம போயி பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

"ஒரு பொம்ம வாங்க நாலு ஞாயித்துக்கிழமையா?"

பழைய பிரகாஷின் குரல், பாதிதான் வெளியே வந்தது. "போட்டோ குடுத்து செய்யச் சொன்னேங்க. தல சாய்ப்பு சரியா வரல. அதான்."

"யாரு போட்டோ?"

"அவங்களுது. அவங்க மாமா மொதல்ல அனுப்பின போட்டோ."

நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பொம்மையைப் பார்த்தோம், பிறகு ரேவதியைப் பார்த்தோம். முகம் அவள் முகமே இல்லை. ஆனால் அந்தக் கழுத்து அவளுடையது. எட்டு வயசிலிருந்து கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்து உட்காராதே என்று அக்கா அவளை அதட்டிக்கொண்டிருக்கிறாள். அதே உட்காரல் அத்தனை நாளாகச் சாமி அலமாரியில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ரேவதி சமையலறைக்குள் போனாள். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது. எதையும் போட்டு உடைக்காத பெண் அவள்.

"நல்லா இருங்க தம்பி. மெழுகு நான் போட்டுத் தரேன்" என்று மேஸ்திரி போனை என் கையில் கொடுத்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "நின்னு பாத்தவன் பேச்சு அது. கடையில வாங்கினவனுக்கு நெருப்பு தெரியாது, தோலு தெரியாது. பையன் அங்க இருந்திருக்கான். இத நான் சொல்லலாம்."

பாவா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் தம்பி பாத்த எடம் தப்பாப் போவுமா?" என்றாள். இரண்டு நாளாக அந்த வாயில் என்ன வந்தது என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. பெரியப்பாவோ இன்னும் ஒரு படி மேலே போனார். "நான் அப்பவே சொன்னேன், பையன் தங்கம்னு" என்றார். அவர் மேல் கோபப்படக்கூட யாருக்கும் மனசில்லை. இரண்டு நாளாக நெஞ்சில் வைத்திருந்த பாரம் இறங்கியதில் எல்லாருக்கும் பசி எடுத்திருந்தது. பாவா மூன்று தோசையோடு நிறுத்துகிற ஆள், அன்றைக்கு எட்டு சாப்பிட்டுவிட்டுத் தானே போய்த் தறிகளை ஓடவிட்டார். அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக என் காதில் அதற்கு முன்னால் விழுந்ததே இல்லை. பிரகாஷுக்கு என்ன நடந்ததென்று இன்றுவரை தெரியாது. அவனுடைய மாமியார் வெகுளியாக எண்ணெய் பூசிவிட்டாள் என்று மட்டும் தெரியும்.

மேஸ்திரிக்குத் திருவாலங்காட்டில் ஒரு வேலை பாதியில் நின்றது. அன்றைக்கு முழுதும் அதைப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். மனசு லேசாகியிருந்த தைரியத்தில் ஒரு கேள்வி கேட்டேன்.

"மேஸ்திரி, ஒருவேள அந்தப் பையன் பேச்சுல பொய் தெரிஞ்சிருந்தா? அப்பவும் அத்தன பேரு முன்னாடி சொல்லியிருப்பீங்களா?"

"ஆங், சொல்லியிருப்பேன்."

"எங்க குடும்பம் அப்டியே இடிஞ்சு உக்காந்திருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதுக்குதான் இன்னிக்கு வேற வேல வெச்சிக்கல." சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார், பஸ் வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். "சொல்லிட்டு எழுந்து போயிடுவேன்னா நெனச்சிக்கினீங்க? ராவானாலும் உங்ககூடத்தான் உக்காந்திருப்பேன்."

படியில் தொங்கிக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குக் கூடப் பிறந்தது அக்கா ஒருத்திதான். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு அண்ணனும் இருந்தார்.